அலுவலகம் சென்றுவர ஹைபிரிட் மிதிவண்டி: ஐந்து ஆண்டுக் கணக்கு சொல்வது என்ன?

புதுதில்லி: மிதிவண்டிகள் மீதான ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முந்தைய விலை 12,500 ரூபாய் என வைத்துக்கொண்டால், பழைய வரி விகிதத்தில் 14,000 ரூபாய்க்கு விற்கப்பட்ட மிதிவண்டி, புதிய விகிதத்தில் 13,125 ரூபாய்க்குக் கிடைக்கும். மிச்சமாகும் தொகை 875 ரூபாய்.

வரவேற்கத்தக்க குறைப்புதான். ஆனால், அன்றாடம் அலுவலகம் சென்றுவர மிதிவண்டி வாங்குவோருக்கு இந்த 875 ரூபாய் ஒரு டயரும் அதை மாற்றும் கூலியும் சேர்ந்த தொகைக்கு மேல் பெரிதாக வராது. மலிவு விலை ஹைபிரிட் மிதிவண்டி லாபமா, நஷ்டமா என்பதை முடிவு செய்வது கடையில் கொடுக்கும் தொகை அல்ல. அதன்பின் வரும் ஆண்டுகளில் அது எத்தனை நாள் ஓடுகிறது, தேயும் பாகங்கள் உரிய நேரத்தில் மாற்றப்படுகின்றனவா என்பவையே. அந்தக் கணக்கை விளக்குகிறது இக்கட்டுரை.

ஹைபிரிட் என்பது என்ன?

சாலையில் வேகமாகச் செல்வதற்கான பந்தய மிதிவண்டிக்கும், கரடுமுரடான பாதைகளுக்கான மலையேற்ற மிதிவண்டிக்கும் இடைப்பட்ட வகையே ஹைபிரிட். நிமிர்ந்து அமர ஏற்ற நேரான கைப்பிடி, 32 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்கள், பின்சக்கரத்தில் 6 முதல் 8 கியர்கள் ஆகியவை இதன் பொதுவான அமைப்பு. முன்புறம் அதிர்வுதாங்கி இல்லாத மாதிரிகளே நகரப் பயணத்துக்குப் போதுமானவை. மலிவு விலையில் கிடைக்கும் அதிர்வுதாங்கிகள் எடையைக் கூட்டுவதுடன், சில ஆண்டுகளில் துருப்பிடித்து இறுகிவிடும் வாய்ப்பும் அதிகம்.

இந்தியச் சந்தையில் ஏறத்தாழ 10,000 முதல் 20,000 ரூபாய் வரையிலான விலையில் உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்களின் ஹைபிரிட் மாதிரிகள் விற்பனையாகின்றன. நாட்டின் மிதிவண்டி உற்பத்தி மையமாகப் பஞ்சாபின் லூதியானா திகழ்கிறது. அங்கு 1956-இல் தொடங்கப்பட்ட ஹீரோ சைக்கிள்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் நிறுவனத்தை 2015-இல் கையகப்படுத்தி, விலை கூடிய மிதிவண்டிப் பிரிவிலும் கால்பதித்தது.

இரு வகைப் பயனாளர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் சுமார் 45 சதவீதக் குடும்பங்களிடம் மிதிவண்டி இருந்தது. ஸ்கூட்டர் அல்லது மோட்டார் சைக்கிள் வைத்திருந்த குடும்பங்கள் 21 சதவீதம் மட்டுமே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் மிதிவண்டி வைத்துள்ள குடும்பங்களின் பங்கு ஏறக்குறைய 50 சதவீதமாகப் பதிவானது. வேளாண்மை, வீட்டுத்தொழில் ஆகியவை சாராத பணியாளர்களில் சுமார் 13 சதவீதம் பேர் வேலைக்கு மிதிவண்டியில் சென்றதாகவும் 2011 கணக்கெடுப்பு தெரிவிக்கிறது.

இவர்களில் பெரும்பாலோர் ஓட்டுவது, கனமான இரும்புச் சட்டமும் கியர் இல்லாத ஒற்றைப் பல்சக்கரமும் கொண்ட பழைய வகைக் கருப்பு மிதிவண்டி. அதன் ஆயுள் நீண்டிருப்பதற்கு இரும்பின் உறுதி மட்டும் காரணமல்ல. அதன் டியூப், பிரேக் கட்டை, பெடல், ஆரக்கம்பி என எது பழுதானாலும் தெருமுனைக் கடையில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும் என்பது மிக முக்கியக் காரணம்.

ஹைபிரிட் வாங்கும் அலுவலக ஊழியருக்கு இந்த வசதி முழுமையாகக் கிடைப்பதில்லை. பஞ்சர் ஒட்டுபவர் அருகிலேயே இருப்பார். ஆனால் 700 சி அளவு டியூப், 7 கியர் செயின், பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் துண்டு ஆகியவை அவரிடம் இருப்பது அரிது. சிறு பாகம் ஒன்று கிடைக்காமல் இரண்டு வாரம் நின்றுபோகும் வண்டி, பிறகு மாடிப்படியின் கீழேயே தங்கிவிடுகிறது. மலிவு விலை ஹைபிரிட் மிதிவண்டிக்கு ஏற்படும் மிகப் பெரிய நஷ்டம் இதுவே.

விலைப்பட்டியலில் இல்லாத செலவுகள்

தொடக்க விலை ஹைபிரிட் மாதிரிகள் பலவும் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பூட்டு, விளக்கு ஆகியவை இல்லாமலேயே விற்கப்படுகின்றன. வார இறுதியில் உலா செல்வோருக்கு இவை தேவைப்படாமல் போகலாம். அன்றாடம் வேலைக்குச் செல்வோருக்கு இவை அனைத்தும் கட்டாயம். மட்கார்டு இல்லாவிட்டால் முதல் மழையிலேயே முதுகுச் சட்டையில் சேறு தெறிக்கும். அதே சேறு செயினிலும் படிந்து தேய்மானத்தை விரைவுபடுத்தும். மடிக்கணினிப் பையைத் தோளில் சுமந்து ஓட்டினால் முதுகு வியர்த்துவிடும். கேரியரில் வைத்தால் அந்தத் தொல்லை குறையும்.

முன்விளக்கு, பின்விளக்கு, தலைக்கவசம், தரமான பூட்டு, காற்றுப் பம்பு ஆகியவற்றையும் சேர்த்தால் கூடுதலாக 3,500 ரூபாயாவது ஒதுக்க வேண்டியிருக்கும். ஆகவே 13,000 ரூபாய் வண்டியின் உண்மையான தொடக்கச் செலவு 16,500 ரூபாயைத் தாண்டும். கேரியர், மட்கார்டு பொருத்துவதற்கான திருகுத் துளைகள் சட்டத்தில் உள்ளனவா என்பதை வாங்கும்போதே பார்ப்பது அவசியம். துளை இல்லாத சட்டத்தில் பின்னர் கட்டிப் பொருத்துபவை நெடுநாள் நிற்பதில்லை.

உயரத்துக்கேற்ற சட்ட அளவும் அதே அளவு முக்கியம். கடையில் இருப்பு இல்லை என்பதற்காக ஓர் அளவு பெரிய அல்லது சிறிய வண்டியை வாங்கினால், முழங்கால் வலியும் கழுத்து வலியும் சில மாதங்களில் பயணத்தையே நிறுத்திவிடக்கூடும்.

முதல் 300 கிலோமீட்டர்

புதிய மிதிவண்டியின் முதல் சர்வீஸைப் பலரும் தவிர்த்துவிடுகின்றனர். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்ற எண்ணமே காரணம். ஆனால் நீண்டகாலப் பயன்பாட்டில் இந்த ஒரு சர்வீஸ்தான் மிக அதிகப் பலன் தரக்கூடியது.

புதிய வண்டியில் முதல் 200 முதல் 300 கிலோமீட்டருக்குள் கியர், பிரேக் கம்பிகளின் உறைகள் தம் இடத்தில் அமர்ந்து, கம்பிகள் தளர்கின்றன. சக்கரத்தின் ஆரக்கம்பிகளும் அவ்வாறே தளரும். அந்த நிலையிலேயே தொடர்ந்து ஓட்டினால், தளர்ந்த கம்பிகள் ஒவ்வொரு சுற்றிலும் இறுகியும் நெகிழ்ந்தும் வளைந்து, உலோகச் சோர்வால் ஓராண்டுக்குப் பின் ஒவ்வொன்றாக அறுபடத் தொடங்கும். முதல் சர்வீஸில் கம்பிகளைச் சீராக இறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இரண்டாவதாகக் கவனிக்க வேண்டியது பெடல் கை. அச்சில் அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்த நிலையில் சில நாட்கள் மிதித்தாலே, அலுமினியப் பெடல் கையின் சதுரத் துளை உருக்குலைந்துவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பெடல் கையையே மாற்ற வேண்டும். ஒரு நிமிட வேலையை ஒத்திப்போட்டதால் ஆயிரம் ரூபாய் வரை செலவாகும் பழுது இது. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்திருக்கும் என்பதையும் வீட்டிலேயே பழுதுபார்க்க முயல்வோர் நினைவில் கொள்ள வேண்டும்.

செயினைக் காத்தால் பல்சக்கரம் தப்பும்

மிதிவண்டியில் மிக விரைவாகத் தேய்ந்து, மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பாகம் செயின். அது உண்மையில் இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் ஊசிகள் தேய்வதால் கண்ணிகளுக்கு இடையிலான தூரம் கூடுகிறது. அப்படிக் கூடிய செயின், பல்சக்கரத்தின் பற்களையும் தன் அளவுக்கு ஏற்பத் தேய்த்துவிடும்.

இதை அளக்கத் தனிக் கருவி இல்லாவிட்டாலும் மில்லிமீட்டர் அளவுகோல் போதும். புதிய செயினில் ஒரு கண்ணியின் அளவு 12.7 மில்லிமீட்டர். எனவே ஓர் ஊசியின் மையத்திலிருந்து எண்ணி 24-ஆவது கண்ணியின் முடிவிலுள்ள ஊசியின் மையம் வரையிலான நீளம் 304.8 மில்லிமீட்டராக இருக்கும். அது 307 மில்லிமீட்டரை எட்டிவிட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். ஓட்டும் சாலை, தூசு, மழை, பராமரிப்பு ஆகியவற்றைப் பொறுத்து 2,000 முதல் 4,000 கிலோமீட்டருக்குள் இந்த நிலை வருவது வழக்கம்.

உரிய நேரத்தில் மாற்றினால் செலவு சில நூறு ரூபாய். தவறவிட்டால் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த ஃப்ரீவீலில் புதுச் செயினை மாட்டினால், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது செயின் பற்களைத் தாண்டிக் குதிக்கும். போக்குவரத்து நெரிசலில் இது விபத்துக்கும் வழிவகுக்கலாம்.

செயினுக்கு எண்ணெய் இடுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் பழைய அழுக்கைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி வீதம் எண்ணெய் விட்டு, சில நிமிடங்கள் பெடலைச் சுற்றியபின் வெளியே வழியும் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் ஊசிகளுக்கு உள்ளே இருந்தால் போதும். வெளியே பளபளப்பது தூசியைப் பிடித்துத் தேய்க்கும் பசையாகவே மாறும். கிரீஸ், வாகனங்களிலிருந்து எடுத்த பழைய இன்ஜின் எண்ணெய் ஆகியவை இதற்கு ஏற்றவையல்ல.

பின்சக்கரத்தின் பலவீனம்

மலிவு விலை மாதிரிகளில் பலவற்றில், பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி சக்கரக் குடத்தின் மீது திருகி மாட்டப்பட்டிருக்கும். விலை கூடிய மாதிரிகளில் அது காசெட் எனப்படும் வேறு அமைப்பில் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பேரிங் அமையும் இடத்தில் உள்ளது. திருகி மாட்டும் வகையில் வலப்பக்கப் பேரிங் குடத்தின் உட்புறம் தள்ளி அமைவதால், அச்சின் ஒரு பகுதி தாங்கல் இன்றி நிற்கிறது. பள்ளங்களில் வேகமாக இறங்கும்போதோ, கேரியரில் அதிகச் சுமை ஏற்றும்போதோ அந்த அச்சு வளையவும் முறியவும் வாய்ப்புள்ளது.

இதனால் அந்த வகை வண்டிகளைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. அவற்றின் ஃப்ரீவீலும் அச்சும் விலை குறைந்தவை. சாதாரண மிதிவண்டிக் கடைகளிலும் கிடைப்பவை. அந்த வகையில் பழுதுபார்ப்பது எளிது. உடல் எடை அதிகமுள்ளவர்களும், அன்றாடம் சுமை ஏற்றிச் செல்வோரும் 36 ஆரக்கம்பிகள் கொண்ட சக்கரத்தைத் தேர்வு செய்வது நல்லது. ஓர் ஆரக்கம்பி அறுந்தால் மறுநாளே மாற்றிவிட வேண்டும். அறுந்த கம்பியின் பாரம் அண்டைக் கம்பிகளின் மீது ஏறுவதால், ஒன்று விட்டால் மூன்று போகும்.

"28 இஞ்ச் டயர்" கேட்டால் ஏற்படும் குழப்பம்

டயர் வாங்கும்போது பலரும் ஏமாறுவது அளவில்தான். இந்தியாவின் பழைய வகை மிதிவண்டிகளில் பயன்படும் 28 இஞ்ச் டயர், 635 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்மில் அமரக்கூடியது. ஹைபிரிட் மிதிவண்டியின் 700 சி டயரையும் சில நிறுவனங்கள் 28 இஞ்ச் என்றே குறிப்பிடுகின்றன. ஆனால் அதற்குரிய ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

டயரின் பக்கவாட்டில் 35-622, 37-622 என்பதுபோல அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைக் கூறி வாங்குவதே குழப்பமற்ற வழி. முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாவது எண் ரிம்மின் விட்டத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கும். இரண்டாவது எண் மாறவே கூடாது. முதல் எண் சற்று மாறலாம்.

காற்றழுத்தமும் டயரின் பக்கவாட்டிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். 35 மில்லிமீட்டர் டயருக்கு ஏறத்தாழ 50 முதல் 75 பிஎஸ்ஐ வரை தேவைப்படும். இது மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் அழுத்தத்தைவிட அதிகம். கையால் அழுத்திப் பார்த்து இதை அறிய முடியாது. காற்று குறைந்த நிலையில் பள்ளத்தில் இறங்கினால், டயருக்கும் ரிம்முக்கும் இடையே டியூப் நசுங்கி, அருகருகே இரண்டு கீறல்கள் விழும். ஆணியோ முள்ளோ இல்லாமல் அடிக்கடி பஞ்சராகும் வண்டிகளில் பெரும்பாலும் இதுவே காரணம். அழுத்தமானி உள்ள பம்பு ஒன்றை வீட்டில் வைத்து வாரம் ஒருமுறை காற்றடித்தால், பஞ்சர் செலவு கண்கூடாகக் குறையும்.

மாற்று டியூப் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அதன் வால்வு வகை, ரிம்மில் உள்ள துளைக்குப் பொருந்துமா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

பருவமும் நகரமும்

இந்தியாவில் மிதிவண்டியின் ஆயுளை அது ஓடும் ஊரும் தீர்மானிக்கிறது. மும்பை போன்ற கடலோர நகரங்களில் உப்புக் காற்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமழையும் சேர்ந்து இரும்புப் பாகங்களை விரைவில் அரிக்கின்றன. மழையில் ஓட்டிய அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுவது, மழைக்காலம் முடிந்ததும் பேரிங்குகளைப் பிரித்துப் புதிய கிரீஸ் வைப்பது ஆகிய இரண்டும் அங்கு தவிர்க்க முடியாதவை.

அலுமினியச் சட்டம் துருப்பிடிக்காது என்பதால் பராமரிப்பே வேண்டாம் என எண்ணுவது தவறு. அலுமினியச் சட்டத்துக்குள் செருகப்பட்ட இரும்பு இருக்கைத் தண்டு, ஈரம் புகுந்தால் நாளடைவில் சட்டத்துடன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை தண்டை வெளியே எடுத்துத் துடைத்து, கிரீஸ் தடவிப் பொருத்தினால் போதும்.

தில்லியில் கோடை வெயிலும் குளிர்காலப் பனிமூட்டமும் சவால்கள். வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் வண்டியின் டயர் ரப்பர் நாளடைவில் வெடிக்கத் தொடங்கும். நிழலில் நிறுத்த இடம் இருக்கிறதா என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். மேடுபள்ளமான பெங்களூரில் கியரும் பிரேக்கும் அதிகம் உழைக்கின்றன.

பிரேக்கைப் பொறுத்தவரை, ரிம்மைப் பிடிக்கும் வகையில் கட்டைகள் மலிவானவை, எங்கும் கிடைப்பவை. ஆனால் கட்டையில் சிக்கும் மணல் ரிம்மையே அரித்துவிடும் என்பதால் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும். டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதற்குரிய பட்டைகள் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. டிஸ்க் மீது ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிடிமானம் போய்விடும் என்பதால், செயினுக்கு எண்ணெய் விடும்போது கவனம் தேவை.

கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு: அலுவலகம் 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மழை, விடுமுறை, உடல்நலக் குறைவு ஆகிய நாட்களைக் கழித்து ஆண்டுக்கு 200 நாட்கள் மிதிவண்டியில் சென்றுவந்தால் ஆண்டுக்கு 3,200 கிலோமீட்டர். ஐந்து ஆண்டுகளில் 16,000 கிலோமீட்டர்.

இந்தத் தூரத்துக்கு ஆகும் பராமரிப்புச் செலவைப் பின்வருமாறு மதிப்பிடலாம்: செயின் 5 முறை, 2,250 ரூபாய், ஃப்ரீவீல் 2 முறை, 1,400 ரூபாய், டயர்கள் 4, 3,200 ரூபாய், டியூப், பஞ்சர் 2,000 ரூபாய், பிரேக் கட்டைகள் 1,200 ரூபாய், கம்பிகளும் உறைகளும் 1,000 ரூபாய், பெடல் அச்சுத் தொகுதி ஒருமுறை, 900 ரூபாய், பெடல்கள் 500 ரூபாய், ஆண்டுக்கு ஒரு முழு சர்வீஸ் வீதம் 4,000 ரூபாய், ஆரக்கம்பி, கோட்டம் எடுத்தல் 1,000 ரூபாய். மொத்தம் 17,450 ரூபாய். ஊருக்கும் கடைக்கும் ஏற்ப இந்தத் தொகைகள் கூடலாம், குறையலாம்.

அதாவது, துணைப் பொருட்களுடன் சேர்த்து வண்டி வாங்க ஆன 16,625 ரூபாய்க்குச் சற்றே அதிகமான தொகை, ஐந்து ஆண்டுகளில் பராமரிப்புக்கும் செலவாகிறது. மிதிவண்டிக்கு வாங்கிய பின் செலவே இல்லை என்ற பொதுவான எண்ணம் சரியல்ல என்பதை இது காட்டுகிறது.

அப்படியிருந்தும் மொத்தச் செலவு 34,075 ரூபாய்தான். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 13 காசு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் இதே தூரத்துக்குச் சுமார் 355 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் எனக் கொண்டால் பெட்ரோலுக்கு மட்டும் 35,500 ரூபாய். ஸ்கூட்டரின் விலை, காப்பீடு, சர்வீஸ், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று ஆகியவை தனி. மிதிவண்டி மோட்டார் வாகனச் சட்டத்தின்படி மோட்டார் வாகனம் அல்ல என்பதால் பதிவு, ஓட்டுநர் உரிமம், கட்டாயக் காப்பீடு எதுவும் தேவையில்லை.

இதே கணக்கின் மறுபக்கமும் உண்டு. மூன்று மாதம், அதாவது 50 நாட்கள் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டால், ஓடிய தூரம் 800 கிலோமீட்டர். அப்போது கிலோமீட்டருக்கு ஆன செலவு ஏறக்குறைய 21 ரூபாய். தில்லியில் 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட ஆட்டோ கட்டணப்படி முதல் 1.5 கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 11 ரூபாய். அந்தக் கட்டணத்தில் 8 கிலோமீட்டர் பயணத்துக்குச் சுமார் 102 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 13 ரூபாய்க்கும் குறைவு. பாதியில் நின்றுபோன மிதிவண்டி, ஆட்டோவைவிட விலை உயர்ந்த பயணமாக முடிகிறது.

பணத்துக்கு அப்பாற்பட்ட பயனும் உண்டு. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 8 கிலோமீட்டரைக் கடக்க 32 நிமிடம் ஆகும். வாரத்தில் ஐந்து நாட்கள் சென்றுவந்தால் 320 நிமிடங்கள். தனியாக நேரம் ஒதுக்காமலேயே அந்த இலக்கு நிறைவேறிவிடுகிறது.

சாலையும் பாதுகாப்பும்

மிதிவண்டியைக் கைவிடுவோர் கூறும் காரணங்களில் சாலை அச்சமும் ஒன்று. அது ஆதாரமற்றதும் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் தரவுப்படி, 2022-இல் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 4,800-க்கும் மேற்பட்டோர் மிதிவண்டியில் சென்றவர்கள்.

வாகனங்களைவிட மக்களின் நகர்வுக்கே முன்னுரிமை என 2006 தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வலியுறுத்தியது. நகரங்களை மிதிவண்டிக்கு ஏற்றவையாக மாற்ற 2020-இல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் ஒரு போட்டித் திட்டத்தையும் தொடங்கியது. எனினும் தனிப் பாதைகள் உள்ள சாலைகள் நாட்டில் குறைவாகவே உள்ளன. மாறாக, கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் மிதிவண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. எனவே வண்டி வாங்குமுன், ஒரு விடுமுறை நாளிலும் ஒரு வேலை நாளிலும் அலுவலகப் பாதையை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. இரண்டு கிலோமீட்டர் சுற்றினாலும் மேம்பாலத்தையும் விரைவுச் சாலையையும் தவிர்க்கும் உட்பாதை கிடைத்தால் அதுவே நீடிக்கும் பாதை.

புதிய மிதிவண்டிகளில் ஒளி பிரதிபலிப்பான்கள் தொடர்பான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. கேரியரும் பையும் பொருத்தும்போது பின்புறப் பிரதிபலிப்பான் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரதிபலிப்பான் என்பது மற்றொரு வாகனத்தின் விளக்கு அதன்மீது பட்டால்தான் ஒளிரும். விளக்குக்கு அது மாற்றல்ல.

பதிவெண் இல்லாததால் திருடுபோன மிதிவண்டியை அடையாளம் காட்டுவது கடினம். பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே சட்டத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணை, வாங்கிய ரசீதுடன் சேர்த்துப் படம் எடுத்து வைத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் அளிக்க உதவும். சட்டத்துக்கான நீண்டகால உத்தரவாதத்தைக் கோரும்போதும் இதே ரசீதும் எண்ணும் கேட்கப்படும். செயின், டயர், பிரேக் கட்டை போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக உத்தரவாதத்தில் அடங்குவதில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

நிறம், கியர்களின் எண்ணிக்கை, சட்டத்தின் எடை ஆகியவற்றைப் பற்றியே கடையில் அதிகம் பேசப்படுகிறது. 21 கியர் உள்ள வண்டிக்கும் 7 கியர் உள்ள வண்டிக்கும் சமதள நகரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. முன்பக்கக் கியர் இல்லாத வண்டியில் பழுதாவதற்கான பாகங்களும் குறைவு.

நீண்டகாலப் பயன்பாட்டுக்கு வேறு கேள்விகளே முக்கியம். இந்த மாதிரிக்கான டியூப், செயின், ஹேங்கர் ஆகியவை இதே ஊரில் கிடைக்குமா? முதல் சர்வீஸில் ஆரக்கம்பிகளைச் சீராக்கித் தருவார்களா? வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் சர்வீஸ் மையம் உள்ளது? அலுவலகத்தில் பூட்டி நிறுத்தவும் முகம் கழுவி உடை மாற்றவும் இடம் உண்டா? இக்கேள்விகளுக்குத் திருப்தியான விடை கிடைத்தால், 13,000 ரூபாய் மிதிவண்டி ஐந்து ஆண்டுகளைத் தாண்டியும் உழைக்கும். விடை கிடைக்காவிட்டால், அருகிலுள்ள கடையில் பழுதுபார்க்கக்கூடிய கியர் இல்லாத எளிய மிதிவண்டியை வாங்குவதே சிக்கனம்.

வண்டி வாங்கும் நாளிலேயே ஒரு மாற்று டியூபும், செயின் எண்ணெயும், அழுத்தமானியுள்ள பம்பும் சேர்த்து வாங்கி, 300-ஆவது கிலோமீட்டரில் முதல் சர்வீஸுக்கான நாளையும் குறித்துக்கொள்வது நல்லது. ஜிஎஸ்டி குறைப்பால் மிச்சமான 875 ரூபாயை இவற்றுக்குச் செலவிடுவதே பொருத்தமாக இருக்கும்.